புல்லுத் தின்னுற மீன் வந்த கதை

போன மாசியில எங்கட பக்கத்துக் குளமொண்டில ரெண்டு நாள் சிரமதானம் வெச்சம். 40 பேருக்குக் கிட்ட வந்திருந்தாங்க. ஆற்றுவாழையைக் கையால இழுத்து, கத்தியால வெட்டி, உழவு மெஷின் பெட்டியில அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினம். அடியில கிடந்த பாசியை முள்ளுக்கம்பி சுத்தின தடியால வாரினம். ரெண்டாம் நாள் பின்னேரம் தண்ணியில வானம் தெரிஞ்சது. எல்லாரும் ஃபோட்டோ எடுத்தம். சித்திரை வருசம் பிறக்க முன்னமே பாசி திரும்ப மேல வந்திட்டு.

அதுக்குப் பிறகு கூடின கூட்டத்தில ஒரு தம்பி போனை நீட்டினான். வீடியோவில ஒரு பெரிய மீன், தண்ணிக்கு மேல சரிஞ்சு கிடந்த புல்லை மாடு மாதிரிக் கவ்வி இழுத்துத் தின்னுது. "அண்ணே, இதுல கொஞ்சம் வாங்கி விட்டா எங்களுக்கு வேலையே இல்ல." எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. எனக்கும்தான். மூலையில இருந்த மாமா ஒராள், ஆயுசு முழுக்கக் குளத்திலயும் வாவியிலயும் வலை போட்டவர், சிரிச்சார்.

"மனே, அது புது மீனில்ல. முந்தியும் குளங்களுக்கு விட்டவங்க. எங்க போனதெண்டுதான் தெரியா."

அந்த ஒரு சொல்லுதான் என்னைத் தேட வெச்சது. முந்தி எண்டா எப்ப? விட்டது யார்? வந்த மீன் ஏன் காணாமப் போனது?

மீனைப் பற்றிக் கதைக்க முதல் களையைப் பற்றிக் கதைக்க வேணும். ஏனெண்டா நாங்கள் "களை" எண்டு ஒரே சொல்லில சொல்றது உண்மையில வேற வேற சாதி. மேலே மிதக்கிறது ஒண்டு: ஆற்றுவாழை, சல்வீனியா. தண்ணிக்குள்ளேயே வேர்விட்டு வளர்றது இன்னொண்டு: வேலம்பாசி மாதிரியான கொடிப்பாசிகள். ஒல்லி, தாமரை போல வேர் அடியிலயும் இலை மேலயும் இருக்கிறது மூண்டாவது. இதில ஒல்லியையும் தாமரையையும் எங்கட ஆக்கள் களையெண்டே சொல்ல மாட்டாங்க. ஒண்டு பசிக்குக் கிழங்கு தந்தது, மற்றது கோயிலுக்குப் பூ.

ஆற்றுவாழை தென்னமெரிக்காவில் இருந்து அலங்காரச் செடியாகப் புறப்பட்டு உலகம் சுற்றியது. இலங்கைக்கு வந்தது 1905 அளவில். சில வருடங்களிலேயே அது எவ்வளவு தலையிடியாகிவிட்டது என்றால், 1909இல் அந்த ஒரு செடிக்கென்றே தனியாக ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு பூச்செடியை வைத்திருப்பது குற்றமாகியது.

இதுக்கு இன்னொரு கதையும் ஊருக்குள்ள உலாவுது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் விமானங்களை ஏமாற்ற, தண்ணீர் தரை மாதிரித் தெரியட்டும் என்று வெள்ளைக்காரன் பரப்பிவிட்டானாம். சிங்களத்தில் இச்செடிக்கு "ஜப்பான் ஜபர" என்று பெயர் இருப்பதும் அந்தக் கதைக்குத் துணைபோகிறது. மட்டக்களப்பு ஆக்களுக்கு இதை நம்புறது லேசு. 1942 சித்திரை 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இன்றைக்கும் எங்கட கடலுக்கடியில்தான் கிடக்கிறது. ஆனால் சட்டம் வந்தது 1909, விமானம் வந்தது 1942. 33 வருசம் முந்தியே தடை செய்த செடியைப் போர்க் காலத்துக்குரியதென்று சொல்வது ஒட்டாது.

சல்வீனியாவின் கதை இன்னும் வெட்கக்கேடானது. அது 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பகுதிக்கு, மாணவர்களுக்குக் காட்டிப் படிப்பிக்க வந்த மிதக்கும் பன்னம். பூ இல்லை, விதை இல்லை. துண்டு உடைந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. நல்ல வெயிலும் உரமும் கிடைத்தால் சில நாட்களிலேயே இரட்டித்துவிடும். எப்படியோ வெளியே தப்பியது. 1954 ஆகும்போது ஏறத்தாழ 22,000 ஏக்கர் வயல் நிலத்திலும் 2,000 ஏக்கர் நீர்வழிகளிலும் அது படர்ந்திருந்தது. ஒரு வகுப்பறைச் செடி, 15 வருசத்தில்.

இந்தப் பின்னணியிலதான் மீன் வருது. மாமா சொன்ன "முந்தி" 1948 வரை போகிறது. சுதந்திரம் கிடைத்த அதே வருடம் சீனாவில் இருந்து சில கெண்டை இனங்கள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டன. அதில் ஒன்று நாங்கள் கிராஸ் காப் என்று சொல்கிற, தமிழ்நாட்டில் புல்கெண்டை என்கிற மீன். சொந்த இடம் கிழக்காசியாவின் பெரிய ஆறுகள்: அமூரில் இருந்து யாங்சி, முத்து ஆறு வரைக்கும். சீனத்துக் குடியானவர்கள் நூற்றாண்டுகளாக இதைக் குளத்தில் வளர்த்தவர்கள். புல்லை அறுத்துக் குளத்தில் வீசுவார்கள், புல்கெண்டை தின்னும், அதன் கழிவில் நுண்பாசி வளரும், அந்தப் பாசியை வெள்ளிக்கெண்டை வடித்துத் தின்னும். அவர்களுக்குப் புல்கெண்டை குளத்தைச் சுத்தமாக்கும் மீன் அல்ல, புல்லை உரமாக்கும் மீன். இந்த வித்தியாசத்துக்குத் திரும்பி வருவேன், ஏனென்றால் முழுக் கதையும் அதில்தான் கிடக்கு.

1948இல் வந்த மீன் ஏன் நிலைக்கவில்லை? புல்கெண்டை நின்ற தண்ணீரில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்காது. அதன் முட்டை நீளமான ஓடும் ஆற்றில் மிதந்து உருண்டு போய்க்கொண்டே பொரிக்க வேண்டும். தண்ணீர் நின்றால் அடியில் தாழ்ந்து செத்துப்போகும். குளத்தில் விட்ட மீன் வளரும், கொழுக்கும், ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். சீனாவிலேயே அந்தக் காலத்தில் குஞ்சு என்பது ஆற்றில் வலைவிரித்துப் பிடிப்பதுதான். கடல் கடந்து வந்த சில நூறு குஞ்சு தீர்ந்தால் கதை முடிந்தது.

இந்தப் பூட்டைத் திறந்தது வேறொரு வேலை. மீனின் கபச்சுரப்பியை எடுத்துச் சாறாக்கி இன்னொரு மீனுக்கு ஊசியாகப் போட்டால், ஓடும் ஆறு இல்லாமலே அது முட்டையிடும் என்பதைத் தென்னமெரிக்காவில் 1930களிலேயே கண்டுவிட்டார்கள். எங்களுக்குக் கிட்ட, ஒடிசாவின் அங்குலில் 1957 ஆடி 10ஆம் திகதி ஹீராலால் சௌத்ரி இந்தியக் கெண்டையில் இதைச் செய்து காட்டினார். இந்தியாவில் அந்த நாளை இன்றைக்கும் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1959இல் ஹொங்கொங்கில் இருந்து புல்கெண்டை கட்டாக்குக்கு வந்தது. 1962இல் அங்கேயே அதை ஊசி போட்டுக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த மீன் உலகம் முழுக்க ஓடத் தொடங்கியது.

எங்கள் நாட்டில் 1979இல் இருந்து பருவகாலக் குளங்களில் மீன் வளர்க்கும் திட்டம் தொடங்கியது. மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றுகிற சின்னச்சின்னக் கிராமக் குளங்கள். சீனக் கெண்டையும் இந்தியக் கெண்டையும் கலந்து விட்டு, குளம் வற்றும்போது பிடித்துக்கொள்வது. உண்மையில் கெட்டித்தனமான யோசனை, ஏனெண்டா வற்றுற குளத்தில அந்நிய மீன் தங்காது. மாமா தன் இளவட்டத்தில் கண்ட மீன் இந்தக் காலத்து மீனாகத்தான் இருக்க வேணும் என்பது என் கணக்கு.

அப்புறம் 1990. ரணசிங்க பிரேமதாசவின் அரசாங்கம் உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்துவந்த அரச ஆதரவை நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற மத நிலைப்பாடு காரணமாகச் சொல்லப்பட்டது. குஞ்சு பொரிக்கும் வேலை நின்றது, குளத்துக்குக் குஞ்சு விடுவதும் நின்றது. 1994இல் ஆட்சி மாறிய பிறகுதான் திரும்ப எழும்பியது. இன்று குஞ்சு கொடுக்கிற தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. அதற்கு இங்கினியாகலையிலும் ஒரு நிலையம் இருக்கிறது.

அதே 1990 ஆனியிலதான் கிழக்கில சண்டை திரும்பத் தொடங்கினது. எங்கட பக்கத்தில அந்த வருசத்தை யாரும் மீனை வெச்சு நினைக்கிறதில்ல. ஆதரவு நிண்டதையும் சண்டை வந்ததையும் பிரிச்சுப் பார்க்கக் கூட ஏலாது. குளத்துக்கு ஆர் போறது அப்ப?

இந்த இடத்தில் திலாப்பியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஆபிரிக்க மீன், 1952 அளவில் இங்கே வந்தது. அதற்கு ஊசியும் வேண்டாம், நிலையமும் வேண்டாம். ஆண் மீன் அடியில் குழி தோண்டும், பெண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும். அரசாங்கம் கைவிட்ட நாலு வருசமும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்பதால் வாவிக்குள்ளும் புகுந்து எங்கள் சந்தைக்கும் வந்துவிட்டது. நான் உட்படப் பலபேர் சோத்துக்குக் கறியாச் சாப்பிட்டு வளர்ந்த மீன், அதனால திட்டவும் மனமில்ல. ஆனா இனி அதைத் திருப்பி அனுப்ப முடியாது. புல்கெண்டை அப்படியில்லை, அலுவலகம் ஒன்று இயங்கும் வரைக்கும்தான் அது எங்கள் குளத்தில் இருக்கும். அதை அதன் குறை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், அதுதான் அந்த மீனிடம் எனக்குப் பிடித்த ஒரே பாதுகாப்பு.

சரி, விட்டால் என்ன செய்யும்?

புல்கெண்டைக்கு வாயில் பல் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. கத்தரி மாதிரி வெட்டி அரைக்கும். எங்கள் ஊர்ச் சூட்டில் ஒரு நாளைக்குத் தன் எடைக்குக் கிட்டவான பச்சையைக்கூடத் தின்று தீர்க்கும். ஆனால் குடல் கட்டை, மாட்டைப் போல அசைபோடும் வயிறும் கிடையாது. தின்றதில் பாதியளவு செரியாமலே வெளியே வரும். அதாவது, குளத்தில் செடியாக நின்ற சத்து தண்ணீரில் கரைந்த சத்தாக மாறுகிறது. அது அடுத்த வெயிலில் பச்சை நுண்பாசியாகக் கிளம்பும். சீனத்துக் குடியானவனுக்கு வேண்டியதும் அதேதான், தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டுமென்று அவன் கேட்கவில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸில் கொன்றோ என்றொரு ஏரி. ஏறத்தாழ 8,100 ஹெக்டயர். வேலம்பாசி அதை மூடிக்கொண்டு வந்தபோது 1981, 82இல் 2,70,000 புல்கெண்டைகளை விட்டார்கள். கணக்குப் பார்த்தால் ஹெக்டயருக்கு 33 மீன்தான், பெரிய எண்ணிக்கை மாதிரித் தெரியாது. 1983 முடிய முன்னம் ஏரியில் ஒரு நீர்ச்செடி மிச்சமில்லை. வேலம்பாசி மட்டுமல்ல, எல்லாம். தண்ணீர் கலங்கியது, நுண்பாசி கூடியது, செடிக்குள் ஒளிந்து வாழ்ந்த சின்ன மீன்கள் குறைந்தன. செடி முடிந்த பிறகும் மீன் அங்கேயே இருந்தது, பத்து வருசத்துக்கு மேல் வாழுகிற மீன் அது. விடுகிறது ஒரு காலைப்பொழுது வேலை. எடுக்கிறது அப்படியில்லை.

அமெரிக்கர்கள் இந்த மீனை 1963இல் ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று வருசத்தில் ஆர்கன்சோவில் அது வெளியே தப்பியது. மிசிசிப்பி போன்ற நீண்ட ஆறு அங்கே இருப்பதால் பெருகவும் தொடங்கியது. பிறகுதான் 1980களில், முட்டைக்குச் சூட்டாலோ அழுத்தத்தாலோ அதிர்ச்சி கொடுத்து மலட்டு மீன் உருவாக்கும் வழிக்கு வந்தார்கள். பல மாநிலங்களில் இப்போது அந்த மலட்டு மீனைத்தான் விடலாம்.

இன்னொன்றையும் அந்தத் தம்பியின் வீடியோ சொல்லவில்லை. புல்கெண்டை தெரிந்தெடுத்துத் தின்னும். மெதுவான வேலம்பாசி போன்றவை அதற்குச் சோறு. ஆற்றுவாழையும் முற்றிய சல்வீனியாவும் வேறு வழியே இல்லாவிட்டால் கடிக்கிற சாமான்கள். ஒரு குளத்தில் இரண்டும் இருந்தால் மீன் பாசியைத் தின்று தீர்க்கும், ஆற்றுவாழைக்கு அதன் கழிவு உரமாகும். நாங்கள் கூட்டத்தில் கைதட்டி ஒத்துக்கொண்ட திட்டம் கிட்டத்தட்ட இதுதான்.

சல்வீனியாவைக் கடைசியில் அடக்கியது மீன் இல்லை, அரிசியில விழுற வண்டு மாதிரியான, 2 மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு வண்டு. அதிலும் ஒரு கூத்து நடந்தது. உலகம் முழுக்கப் பரவிய சல்வீனியாவுக்கு நெடுநாளாகத் தவறான பெயர் சொல்லி வந்தார்கள். பெயர் பிழை என்பதால் அதைத் தின்னும் பூச்சியையும் பிழையான செடியில் போய்த் தேடினார்கள். 1972இல்தான் இது தனி இனம் என்று பிரித்துப் பெயரிட்டார்கள். 1978இல் தென்கிழக்குப் பிரேசிலில் அதன் உண்மையான பிறந்த வீட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்த வண்டை எடுத்து 1980இல் அவுஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டு கழிந்து கொஞ்சக் காலத்தில் ஏரி வெளித்துவிட்டது. 1986இல் அந்த வண்டு இலங்கைக்கு வந்தது. 1989இல் வெளியான ஒரு செலவு-நன்மை மதிப்பீடு, போட்ட ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா திரும்பக் கிடைத்ததாகச் சொன்னது. அந்த வண்டு வேறெதையும் தின்னாது, அதனால்தான் அதை நம்பலாம். மீனுக்கு அப்படியொரு ஒழுக்கம் இல்லை. சல்வீனியாவைக் காட்டி விட்டால் ஒல்லிக் குருத்தையும் சேர்த்துக் கடிக்கும்.

எங்கட வாவிக்கு இதில எதுவும் தேவைப்படேல்ல எண்டுறதையும் சொல்ல வேணும். மாரியில வயல் வாய்க்கால் வழியா ஆற்றுவாழை அள்ளுப்பட்டு வந்து வாவியை அடைக்கும். தோணி போக ஏலாது, வலை போட ஏலாது. படுவான்கரைக்குப் போய்வாறாக்கள் படுற பாடு சொல்லி மாளாது. பிறகு பாலமீன்மடுவிலயோ கல்லாற்றிலயோ முகத்துவாரம் வெட்டுப்பட்டு உப்பு உள்ளே ஏறினா ஆற்றுவாழை கறுத்து அழுகிப் போகும். கடல் செய்யிற களையெடுப்பு. குளத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. உப்பு வராது, வெள்ளம் அடிச்சுப் போகாது, வயல் உரமும் சவர்க்காரத் தண்ணியும் வந்து தங்கும். களை சும்மா வாறதில்ல, தீனி இருக்கிறதால வருது.

இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்கேக்க ஒரு விஷயம் எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது. எங்கட ஊருக்குப் பேர் தந்ததெண்டு சொல்லுற தேற்றா மரம் தண்ணி தெளிய வைக்கிற மரம். அதன் கொட்டையை மண்பானையின் உட்பக்கத்தில் தேய்த்துவிட்டுக் கலங்கல் தண்ணியை ஊற்றி வைச்சால், அழுக்கு அடியில் படிந்து மேல்தண்ணி தெளியும். கலித்தொகைக் காலத்திலேயே இந்தப் பழக்கம் தெரிந்திருந்தது. அந்தப் பேரை வைச்சுக்கொண்டு தண்ணியைக் கலங்கப் பண்ணுற மீனை விட நாங்கள் கைதூக்கினம். தேற்றாங்கொட்டையால குளம் தெளியாதுதான், அது பானைக்கு. ஆனா தெளிவு எண்டா என்னவெண்டு கேட்காமலே களை எடுக்கிறம் எண்டது எனக்கு அப்பதான் உறைச்சது. எங்களுக்குப் பாசி இல்லாத குளம் வேணுமா, தெளிஞ்ச குளம் வேணுமா? ரெண்டும் ஒண்டில்ல. கொஞ்சம் பாசி நிண்டாத்தான் தண்ணி தெளிவா இருக்கும். அந்தப் பாசிக்குள்ளதான் விரால் குஞ்சு கூட்டமாத் திரியுது.

ரெண்டாவது கூட்டத்தில இதைச் சொன்னன். தம்பிக்கு முகம் சுருங்கிப் போச்சு. "அப்ப விடவே கூடாதெண்டுறீங்களா அண்ணே?" எண்டான். நான் அப்பிடிச் சொல்லேல்ல. குளத்தில பாதிக்கு மேல கொடிப்பாசி, அதை 40 பேர் வருசா வருசம் வாரிக்கொண்டிருக்க ஏலாது, பாதிப்பேர் கட்டாருக்குப் போயிருவாங்க. மாமாதான் வழி சொன்னார்.

"கொஞ்சமா விடுங்க மனே. பத்தாட்டிப் போடலாம், கூடினா எடுக்கேலா. வான்கதவுக்கு வலை கட்டாம விட்டீங்களெண்டா மாரியில மீன் எல்லாம் வயலுக்குள்ள போய்த் துள்ளும், ஊரார் குழம்பு வைப்பாங்க."

கூட்டம் சிரிச்சது. பிறகு எழுதி வெச்சது இவ்வளவுதான். ஆற்றுவாழையைக் கையாலதான் எடுக்கிறது, எடுத்ததை வெற்றிலைத் தோட்டக்காரர் பசளைக்குக் கொண்டுபோறதெண்டா கரையிலயே குவிக்கிறது. குளத்தின் வடக்கு மூலையில மூண்டில ஒரு பங்கை வலையால மறிச்சு விராலுக்கும் ஒல்லிக்கும் விடுறது. அதுக்குப் பிறகு அதிகாரசபையிட்டக் குஞ்சு கேக்கிறது. விரால் விழுங்காத அளவுக்கு வளர்ந்த குஞ்சு வேணும், சின்னதை விட்டா விராலுக்குத்தான் விருந்து. எண்ணிக்கையை அவங்களிட்டக் கேட்டு அதில பாதியில தொடங்கிறது. ஒவ்வொரு போயாவுக்கும் ஒராள் போய்ப் பாசி எவ்வளவு மிச்சமெண்டு பார்த்துக் கொப்பியில எழுதுறது. அந்தக் கொப்பி இப்ப என்னட்டத்தான் கிடக்கு. வயல் வாய்க்கால் தண்ணியை என்ன செய்யிறதெண்டு கதைக்கத் தொடங்கினம், அதில ரெண்டு பேருக்கு வாய்த்தர்க்கம் வந்து அதோட கூட்டம் கலைஞ்சிட்டு.

மறிப்பு வலைக்குக் காசு சேர்க்கிறம். ஐப்பசி மழைக்கு முன்னம் கட்டிப்போட வேணும்.